சவுகோஸ்கி: ஒரு சதுர கிமீக்கு 0.15 ஆளா? டைப்போவா இது?

மேப்பைத்தியம்:
ராத்திரி தூக்கம் வராம மேப்ல பின்லாந்தை மேஞ்சுக்கிட்டு இருந்தேன், லாப்லாந்துல ரஷ்யா பார்டரை ஒட்டி சவுகோஸ்கின்னு ஒரு முனிசிபாலிட்டி. பரப்பளவு 6,400 சதுர கிமீக்கும் மேல, அதாவது லக்சம்பர்க் மாதிரி ரெண்டு நாட்டை உள்ள போட்டாலும் இடம் மிச்சம், ஆனா ஜனத்தொகை சுமார் 1,000 தானாம். அந்த ஆயிரம் பேரும் எங்கப்பா இருக்காங்க?

பனிக்கரடி77:
டைப்போ இல்ல ப்ரோ, பின்லாந்துலயே ஜன அடர்த்தி ரொம்ப கம்மியான இடம் அது. கணக்குப் போட்டா ஆளுக்கு 6 சதுர கிமீ வரும், அதுக்காக ஒவ்வொருத்தரும் தனித்தனியா காட்டுக்குள்ள உக்காந்திருக்காங்கன்னு நினைக்காதீங்க. கெமியோகி ஆத்தங்கரையில சர்ச் இருக்கிற மெயின் கிராமம், அப்புறம் மார்ட்டி, தன்ஹுவா மாதிரி சில கிராமம், ஜனம் மொத்தமும் அங்கதான். மிச்சமெல்லாம் காடு, சதுப்பு, உச்சியில மரமே இல்லாத மொட்டை மலை. வடக்குல ஒரு பகுதி உர்ஹோ கெக்கோனென் நேஷனல் பார்க்குக்குள்ள போயிடுது. முன்னாடி மரம் வெட்ட, வெட்டுன கட்டைய ஆத்துல மிதக்க விட்டு கொண்டு போக நிறைய ஆள் தேவைப்பட்டுச்சு, மெஷின் வந்ததும் அந்த வேலையெல்லாம் போச்சு, பசங்க படிக்கன்னு ரொவனியெமி, ஓலு மாதிரி பெரிய ஊர் பக்கம் போனா திரும்பி வர்றது அபூர்வம். ரயில் ஏறணும்னாகூட கெமியார்வி போகணும்.

கிராமத்தான்:
முனிசிபாலிட்டின்னதும் நம்ம நகராட்சிய நினைச்சுக்காதீங்க. முனிசிபாலிட்டிய அங்க ‘குந்தா’ன்னு சொல்வாங்க, ஹெல்சிங்கியும் ‘குந்தா’ தான், இதுவும் ‘குந்தா’ தான். ஆயிரம் பேருக்கும் நாலு வருஷத்துக்கு ஒருதடவை கவுன்சில் தேர்தல் உண்டு, ஸ்கூல் நடத்துறதும் அவங்க பொறுப்பு. ஆஸ்பத்திரி மட்டும் 2023லேர்ந்து மாகாண அளவுக்குப் போயிடுச்சு, அப்படி மாறலன்னா இவ்ளோ சின்ன ஊர் தாங்காது. அப்புறம் ஆள் கணக்குல கடைசி இது இல்ல, ஆலந்து தீவுல சொட்டுங்கான்னு ஒண்ணு, சுமார் 100 பேர்!

பனிக்கரடி77:
ஆமா, ஆனா அது குட்டித் தீவு. இங்க மேட்டரே பரப்புதான். மனுஷங்களைவிட ரெயின்டீர் பல மடங்கு ஜாஸ்தி 😄

ஜோதி_எம்:
யாருமே கோர்வதுந்துரி மலை பத்தி சொல்லலையே! சாண்டா கிளாஸோட வீடு இந்த ஊர்ல இருக்கிற அந்த மலையிலதான். 1927ல ரேடியோல குழந்தைங்க நிகழ்ச்சி நடத்துன ‘மார்க்குஸ் மாமா’ சொன்னதுலேர்ந்து அப்படித்தான். ‘கோர்வா’ன்னா காது, மலையும் காது ஷேப்பு, அதனால குழந்தைங்க பேசறதெல்லாம் அவருக்குக் கேக்குமாம். ஆனா சாண்டாவைப் பாக்க வர்ற டூரிஸ்ட் காசு பூரா ரொவனியெமிக்குப் போகுது, எனக்கு அதுல கொஞ்சம் கடுப்பு.

மேப்பைத்தியம்:
அடடா, அப்ப நேரா அந்த மலைக்கே ஏறிட வேண்டியதுதான்.

ஜோதி_எம்:
அவசரப்படாதீங்க, 486 மீட்டர்தான் உயரம், ஆனா பார்டர் கோடு மலை மேலயே போகுது. எல்லைக் காவல் படைகிட்ட பர்மிட் வாங்காம அந்த ஸோனுக்குள்ள கால் வைக்க முடியாது.