மெடிகேரில் மொபிலிட்டி ஸ்கூட்டர்: முன் அனுமதி மறுக்கப்பட்டுவிட்டது, அடுத்து என்ன?

திருமலை மருமகன் (உப்புவெளி)
வணக்கம். அமெரிக்காவில் நியூஜேர்சியில் தனியே இருக்கும் மாமாவின் கடிதங்களை இங்கே திருகோணமலையிலிருந்து நான்தான் பார்க்கிறேன். வயது 74. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு, வலது தோளில் தசைநார் கிழிவு. ஒரிஜினல் மெடிகேர் (அமெரிக்க அரசே நேரடியாக நடத்தும் முதியோர் மருத்துவக் காப்பீடு) உண்டு, அதில் டொக்டர் செலவையும் இப்படியான சாமான்களையும் பார்க்கும் பார்ட் பி பகுதியும் உண்டு. நடக்கமுடியாதவர் இருந்து ஓட்டும் மின் ஸ்கூட்டருக்கு முன் அனுமதி கேட்டது மறுக்கப்பட்டுவிட்டது. டொக்டரின் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "நடக்கச் சிரமம். கடைக்கும் கோயிலுக்கும் போக ஸ்கூட்டர் தேவை." அப்பீல் போடுவதா? சப்ளையர், தன்னிடம் ஒரு படிவம் இருக்கிறது, டொக்டர் கையெழுத்து வைத்தால் போதும் என்கிறார். மார்கழியில் வரும்போது ஸ்கூட்டரை இங்கே கொண்டுவரலாமா என்றும் மாமா கேட்கிறார்.

நாற்சக்கரம் (நியூஜேர்சி)
தம்பி, "கடைக்கும் கோயிலுக்கும்" என்பதுதான் கெடுத்தது. பார்ட் பி ஸ்கூட்டருக்குப் பணம் தருவது வீட்டுக்குள் நடமாட மட்டும். கழிப்பறை, குளியல், உடை மாற்றுவது, சாப்பாடு: இதில் எதை அவரால் உரிய நேரத்தில், விழாமல் செய்ய முடியவில்லை என்று குறிப்பில் இருக்கவேண்டும். வாங்கிய பிறகு வெளியிலும் ஓட்டலாம், அதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் வெளியில் போவதற்கு மட்டும் என்றால் தரமாட்டார்கள்.

முன் அனுமதி மறுப்புக்கு அப்பீல் கிடையாது. குறையைத் திருத்தி எத்தனை தடவையும் திருப்பி அனுப்பலாம். சாமானைக் கொடுத்து, பில் போய், அந்தப் பில் மறுக்கப்பட்டால்தான் அப்பீல். அதற்கு 120 நாள் தவணை.

சப்ளையரின் படிவத்தை நம்பவேண்டாம். சப்ளையர் தயாரித்த தாளில் டொக்டர் கையெழுத்து வைத்தாலும், மெடிகேர் அதை மருத்துவக் குறிப்பாக எடுக்காது. டொக்டர் மாமாவை நேரில் பார்த்து, தன் சொந்தக் குறிப்பில் எழுதவேண்டும். அந்தச் சந்திப்பு நடந்து 6 மாதத்துக்குள் எழுத்துமூல ஓடர் வரவேண்டும், அதுவும் ஸ்கூட்டர் வீட்டுக்கு வர முதல்.

எழுதும் விதம் இப்படி: "படுக்கையிலிருந்து கழிப்பறை 25 அடி. வோக்கருடன் 10 அடியில் நின்றுவிடுகிறார், வலி பத்துக்கு எட்டு. கைத்தடியோடு போனபோது இரு தடவை விழுந்தார். கையால் தள்ளும் சக்கர நாற்காலியை வலது தோளால் தள்ள முடியவில்லை, தோள் வலு ஐந்துக்கு மூன்று." இது மாதிரிதான், எண்கள் அவருக்கு உண்மையில் அளந்தவையாக இருக்கவேண்டும். கைத்தடி, வோக்கர், சாதாரண சக்கர நாற்காலி மூன்றும் ஏன் போதாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லாமல் மேலே போகமுடியாது. வெறுமனே "சிரமம்" என்று எழுதினால் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

தோள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. தோள் மோசம் என்று மட்டும் எழுதினால், "அப்படியானால் ஸ்கூட்டரின் கைபிடியை எப்படித் திருப்புவார்?" என்று அதே தோளைக் காட்டி மறுப்பார்கள். தள்ளுவதற்கு வலு இல்லை, ஆனால் கைபிடியைப் பிடித்துத் திருப்பவும், தானே ஏறி இறங்கவும், நிமிர்ந்து இருக்கவும் முடியும் என்று இரண்டையும் எழுதவேண்டும். இதை நன்றாக அளந்து எழுதக்கூடியவர் பிசியோதெரப்பிஸ்ட் அல்லது ஒக்கியுபேஷனல் தெரப்பிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்). டொக்டர் அவரிடம் அனுப்பலாம். ஆனால் அவருக்கும் சப்ளையருக்கும் பணத் தொடர்பு இருக்கக்கூடாது. அவரின் அறிக்கையில் டொக்டர் "உடன்படுகிறேன்" என்று எழுதி, கையெழுத்தும் திகதியும் போடவேண்டும். திகதி இல்லாத கையெழுத்தால் திரும்பி வரும் கோப்புகள் கொஞ்சநஞ்சமல்ல.

திருமலை மருமகன்
நன்றி அண்ணை. குளியலறைக் கதவு 26 அங்குலம், அவர் பார்த்த ஸ்கூட்டர் 22 அங்குல அகலம். அது போதும்தானே? செலவு எவ்வளவு வரும்?

நாற்சக்கரம்
கதவு போதும், திருப்பம்தான் சந்தேகம். ஸ்கூட்டர் நீளமானது, ஒடுங்கிய நடையில் ஒரே வெட்டில் திரும்பாது. நடையின் அகலம், கதவுக்கு முன்னால் உள்ள இடம், வாசற்படி உயரம் மூன்றையும் அளந்து வையுங்கள். சப்ளையரும் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதவேண்டும். ஸ்கூட்டர் திரும்பாது என்று அளவோடு காட்டினால், ஜோய்ஸ்டிக் உள்ள மின் சக்கர நாற்காலியைக் கேட்கலாம். ஸ்கூட்டர் ஏன் சரிவராது என்று சொல்லாமல் நேரே அதைக் கேட்டால் மறுபடி மறுப்புத்தான்.

காசுக் கணக்கு: வருடக் கழிவுத் தொகை, அதாவது மெடிகேர் தர முதல் மாமாவே கட்டும் தொகை, முதலில் (2025இல் 257 டொலர், வருடா வருடம் மாறும்), அதன் பிறகு மெடிகேர் ஏற்றுக்கொண்ட விலையில் 20 சதவீதம் மாமாவுடையது. 1,000 டொலர் என்றால் 200. மெடிகெயிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) அல்லது மெடிகேப் (மெடிகேருக்கு மேலதிகமாக வாங்கும் தனியார் காப்பீடு) இருந்தால் அந்த 20ஐயும் அது பார்க்கக்கூடும். சப்ளையரிடம் "அசைன்மென்ட் ஏற்பீர்களா?", அதாவது மெடிகேர் ஏற்ற விலையையே முழு விலையாக எடுப்பீர்களா, என்று முதலே கேளுங்கள். ஏற்காதவர் மேலதிகமாக எவ்வளவும் கேட்கலாம், உச்ச வரம்பு இல்லை. சாய்தளம், காரில் ஏற்றும் லிஃப்ட் இரண்டுக்கும் மெடிகேர் தராது.

கடல்முக வீதி
கொண்டுவருவது பற்றி: மெடிகேர் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே பணம் தராது. இங்கே பழுதானால் கைக்காசுதான். சார்ஜரின் பின்பக்கம் பாருங்கள். 100-240 என்று இருந்தால் பிளக் மாற்றி போதும். 120 மட்டும் என்றால் இங்குள்ள 230 வோல்ட்டில் போட்டவுடன் எரிந்துவிடும். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே பட்டரி வகையைச் சொல்லவேண்டும். கழற்றக்கூடிய லிதியம் ஒன்று என்றால் 300 வாட் மணிக்கு மேல் போகக்கூடாது, அது கைப்பையில்தான் வரவேண்டும்.

கோணேசர் கோயில் ஏற்றத்துக்குச் சின்ன ஸ்கூட்டரை நம்பி ஏறவேண்டாம். அந்த வகையில் பலவற்றின் கையேடே 6 பாகைக்கு மேல் ஏறாதே என்கிறது. உப்புவெளி மணலிலும் இறக்கவேண்டாம்.

சில கிழமைதான் நிற்கிறார் என்றால், இங்கே ஒரு சாதாரண சக்கர நாற்காலி எடுத்து, தள்ள ஒரு ஆளை வைப்பது மலிவு. இங்கேயே வந்து தங்குகிறவர் என்றால், கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடும் வைத்தியரின் சிபாரிசோடும் திருகோணமலை "பட்டினமும் சூழலும்" பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

திருமலை மருமகன்
சார்ஜரில் 120 மட்டும்தான் போட்டிருக்கிறதாம். அப்ப ஸ்கூட்டர் அங்கேயே நிற்கட்டும். நடையின் அகலத்தை இன்றிரவு மாமாவோடு வீடியோவில் அளந்துவிட்டு, தெரப்பிஸ்டிடம் அனுப்பச்சொல்லி டொக்டருக்கு எழுதுகிறேன்.

நாற்சக்கரம்
எழுதும்போது பழைய குறிப்பை அழிக்கச் சொல்லாதீர்கள். புதிய சந்திப்பு, புதிய திகதி, புதிய குறிப்பு. பழையது கோப்பில் இருந்தபடி இருக்கட்டும்.