குத்துச்சண்டைப் பயிற்சியில் பேட் பிடிக்கும் எனக்கு முழங்கை வலி, தங்கைக்கு இடது ஹுக்கில் மணிக்கட்டு மடிகிறது: எங்கே தவறு?

கேள்வி (காசிமேடு):
அனைவருக்கும் வணக்கம். மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டிக்குத் தயாராகும் என் தங்கைக்கு, வாத்தியார் வராத நாள்களில் மொட்டை மாடியில் நானே பஞ்ச் பேட் (குத்துகளை வாங்கக் கையில் மாட்டும் தட்டையான மெத்தை) பிடிக்கிறேன். 3 நிமிடச் சுற்றுகள் ஆறு முடிவதற்குள் என் முழங்கையின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. அவளுக்கோ இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) போடும்போது மட்டும் மணிக்கட்டு மடிகிறது. பேகில் (தொங்கவிட்ட குத்து மூட்டையில்) அதே ஹுக்கை எத்தனை முறை போட்டாலும் வலிப்பதில்லை என்கிறாள். கிளவுஸை மாற்றியும் பயனில்லை. பழைய பேட்தான் காரணமா?

பதில் (வியாசர்பாடி):
தம்பி, பேகில் வராத வலி பேட்டில் வருகிறதென்றால் முதலில் பிடிப்பவரைத்தான் பார்க்க வேண்டும். அடி விழும்போது உங்கள் கை நீண்டிருக்கிறதா? ஹுக்குக்குப் பேட்டின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது?

கேட்டவர்:
முகத்தில் பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் கையை நீட்டித் தள்ளியே பிடிக்கிறேன், அண்ணா. ஜாபுக்கு (நேராக நீட்டிப் போடும் குத்துக்கு) காட்டுவது போலவே ஹுக்குக்கும் பேட்டை அவளுக்கு நேராகக் காட்டுகிறேன். சத்தம் நன்றாக எழ வேண்டுமென்று நானும் எதிர்த்து அறைகிறேன்.

பதில் (வியாசர்பாடி):
காரணம் தெரிந்துவிட்டது. பேக் உருளையாக இருப்பதால், பக்கவாட்டில் வளைந்து வரும் ஹுக்கையும் அது நேராக வாங்கிக்கொள்கிறது. தட்டையான பேட்டுக்கோ ஒரே முகம்தான். அது தங்கையைப் பார்த்தபடி இருந்தால் முஷ்டி அதன்மேல் வழுக்கிச் செல்லும், மணிக்கட்டு மடியும். இடது ஹுக்குக்குப் பேட்டின் முகம் அவளுடைய இடது பக்கம் திரும்பி, முஷ்டி வரும் பாதைக்குக் குறுக்கே நிற்க வேண்டும்.

உங்கள் வலிக்கு நீட்டிய கையும் எதிர் அறையும் காரணம். இரண்டு கைகளின் வேகமும் சேர்ந்து, மடியாத முழங்கையின் தசைநாண்களில் போய் முடிகிறது. முழங்கையை மடக்கி விலாவுக்கு அருகில் வைத்து, பேட்டை உங்கள் முகத்துக்குச் சற்று முன்னால் பிடியுங்கள். அடி தொடும் கணத்தில் மட்டும் கையை இறுக்கி, இரண்டு அங்குலம் முன்னே கொடுத்தால் போதும். தள்ளிப் பிடித்த பேட்டிலேயே பழகினால் தூரக் கணக்கும் கெட்டுவிடும். களத்தில் எதிராளியின் தாடைக்கு ஒரு சாண் முன்னாலேயே அவளுடைய அடி நின்றுபோகும். மணிக்கட்டு வலியைவிட எனக்கு அதுவே பெரிய கவலை.

பதில் (ராயபுரம்):
கிளவுஸுக்குள் கையில் சுற்றும் பேண்டேஜையும் கவனியுங்கள், தம்பி. நாலரை மீட்டர் பேண்டேஜில் மணிக்கட்டுக்குத் தாராளமாகச் சுற்றுகள் கொடுங்கள்; ஆள்காட்டி விரல், நடுவிரல் மொளிகளே முதலில் பட வேண்டும். சுண்டுவிரல் மொளிக்குக் கீழே வீக்கமிருந்தால் பயிற்சியை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள். குத்துபவர்களுக்கு எலும்பு முறியும் வழக்கமான இடம் அது. நம் ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. பேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு மீண்டும் எழவில்லையென்றால் அதையும் மாற்றுங்கள்.

கேட்டவர்:
வீக்கம் இல்லை, அக்கா. நான்கு நாள்களாகப் பேட்டைத் திருப்பிப் பிடிக்கிறேன். ஹுக்கில் மணிக்கட்டு மடிவதில்லை. என் முழங்கை வலியும் பாதியாகக் குறைந்துள்ளது. அப்பர்கட்டுக்கு (கீழிருந்து மேலே வரும் குத்துக்கு) பேட் தரையைப் பார்க்க வேண்டுமா?

பதில் (வியாசர்பாடி):
ஆம், தரையைப் பார்த்து, சற்றே அவள் பக்கம் சாய்ந்து, உங்கள் மார்புக்கு அருகில் இருக்கட்டும். முழங்கை வலி முழுவதும் தீரும்வரை 3 சுற்றுகளுக்கு மேல் பிடிக்க வேண்டாம். மீதிச் சுற்றுகளைத் தங்கை பேகில் முடிக்கட்டும்.