சோளத் தட்டையைத் தாட்டால் யூரியா தேவையில்லையா?

நீர்வேலித் தோட்டக்காரன்:
சோளத் தட்டையைச் செம்மண்ணுக்குள் தாட்டுவிட்டால் அடுத்த பயிருக்கு யூரியாவே வேண்டாம் என்று நேற்று இங்கு ஒருவர் எழுதியதை வாசித்துவிட்டு வாளாவிருக்க முடியவில்லை. தட்டையில் காபனும் நைதரசனும் ஏறத்தாழ 60 இற்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. அதை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் தமக்குப் போதாத நைதரசனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்வதால், பின்னால் நட்ட மிளகாய் மஞ்சளித்து நிற்கும்.

செம்மண்:
எழுதியவன் நான்தான். எங்கள் பாட்டன்மார் பனையோலை தாட்டுத்தான் புகையிலை செய்தார்கள். அவர்களிடம் எவரும் விகிதம் கேட்கவில்லை.

நீர்வேலித் தோட்டக்காரன்:
ஓலையோடு மாட்டெரு போட்டதையும் ஆட்டுப்பட்டி அடைத்ததையும் வசதியாக மறந்துவிட்டீர்கள். ஆயிரம் கிலோ காய்ந்த தட்டையில் 7 அல்லது 8 கிலோ நைதரசன்தான் இருக்கும், அதுவும் உடனே கிடைக்காது. 50 கிலோ யூரியாப் பையிலோ 23 கிலோ இருக்கிறது. 60 இற்கு 1 என்பதை மறுக்க முடியுமானால் மறுங்கள்.

இடைக்காட்டான்:
ஐயா, அந்த 60 முற்றிக் காய்ந்த தட்டைக்கு உரியது. நாங்கள் பச்சைப் பொத்தியை முறித்துச் சந்தைக்கு அனுப்பிய கையோடு தட்டையை வெட்டித் தாழ்க்கிறோம்; அதில் விகிதம் அவ்வளவு உயராது. நீங்கள் எந்தத் தட்டையைச் சொல்கிறீர்கள்?

நீர்வேலித் தோட்டக்காரன்:
தட்டை தட்டைதான், தம்பி. 60 இற்கு 1.

செம்மண்:
யூரியாவை அள்ளிக் கொட்டியதாலும்தான் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைதரசன் உப்பான நைத்திரேற்று, குடிநீருக்கான லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பது உங்கள் விகிதமா, எங்கள் பிள்ளைகளா?

நீர்வேலித் தோட்டக்காரன்:
2021 இல் இலங்கையில் அசேதனப் பசளை (இரசாயன உரம்) இறக்குமதியைத் தடை செய்தவர்களும் இப்படித்தான் பேசினார்கள். அந்த ஆண்டு முடியுமுன்பே தடையைத் தளர்த்தினார்கள். தட்டை பரவிக் கிடக்கும் நிலத்தில் யூரியாவை மேலாகத் தூவிவிட்டுத் தண்ணீர் இறைக்காமல் போகிறவருக்கு, அது அமோனியாவாகிக் காற்றோடு போவது எங்கே தெரியப்போகிறது? மண்ணுக்குள் இறங்கத் தண்ணீர் இறைத்தால் வீணாகாது. 60 இற்கு 1 என்பதற்கு மட்டும் இன்னும் மறுமொழி இல்லை.

இடைக்காட்டான்:
பச்சையா, காய்ந்ததா என்று நான் கேட்டதற்கும் இல்லை.

செம்மண்:
இவ்வளவு படித்தவர் சென்ற போகம் தமது தட்டையைக் கொளுத்தியது ஏன்? எரித்தால் அந்த நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும் அல்லவா?

நீர்வேலித் தோட்டக்காரன்:
அது படைப்புழு விழுந்த தட்டை. என் காணிக்குள் நான் கொளுத்துவதை வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது உமக்கு வேலையாக இருக்கலாம்.

செம்மண்:
எட்டிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. சாம்பல் என் வெங்காயப் பாத்தியில் வந்து விழுந்தது.