பொருள்: 'மணவிடுப்பு' சரிதானா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

தருமபுரியிலிருந்து:
வெள்ளியன்று பாலக்கோட்டில் மகளிர் குழுவுக்கு வகுப்பு. கொழுப்பு குறைத்த மாம்பழத் தயிர். தயிரை வாயில் இட்டதும் மணப்பொருள்கள் ஆவியாகித் தொண்டை வழியே மூக்குக்கு ஏறுகின்றனவே, அதற்கு 'மணவிடுப்பு' என்று எழுதினேன். கல்யாணத்துக்கு எத்தனை நாள் விடுப்பு என்று தட்டச்சர் கேட்கிறார்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்கிறது குறள் (1274). மொட்டுக்குள் அடைபட்ட மணம், மலர் அவிழும்போது வெளிவருகிறது. ஆகவே 'நாற்றவிழ்வு'. இதற்குமேல் என்ன வேண்டும்?

ஓசூரிலிருந்து:
ஐயா, மகரம் கெட்டு உடம்படுமெய் வந்தால் 'நாற்றவவிழ்வு' ஆகும், வாயில் நுழையாது. இங்கே கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கும் 'நாத' என்றால் கெட்ட வாடைதான். தயிரை யார் வாங்குவார்கள்?

பொருளைப் பார்ப்போம். மாம்பழ மணத்தில் பெரும்பங்கு டெர்பீன்கள், எண்ணெயில் கரைபவை. கொழுப்பு அவற்றைப் பிடித்துவைத்து மெல்ல விடும். கொழுப்பைக் குறைத்தால் முதல் வாயிலேயே பாய்ந்து வந்து தீர்ந்துவிடும். புரதமும் சும்மா இருப்பதில்லை. பால்புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், பால் திரியும்போது கட்டியாவது; மீதி, பால் திரிந்தபின் தெளிநீரில் நிற்பது. அதில் முதன்மையான பீட்டா லாக்டோகுளோபுலினுக்குள் நீரை ஒதுக்கும் குழி ஒன்று உண்டு. மணப்பொருள் அங்கே ஒண்டிக்கொள்ளும். ஆல்டிஹைடு வகை மணப்பொருள்கள் சில, புரதத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு வேதிப்பிணைப்பே வைத்துக்கொள்கின்றன.

நேற்று இரண்டு டம்ளர் எடுத்தேன். வெந்நீரில் ஒரு சொட்டு வனிலா எசன்ஸ், அதே சூட்டில் கொழுப்பு நீக்கிய பாலில் ஒரு சொட்டு. வெந்நீர் மேசையின் மறுபக்கம் வரை மணந்தது. பால் டம்ளரை மூக்கோடு ஒட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே 'மணப்பிணைப்பு', 'மணவெளிப்பாடு' என்று இரண்டு சொற்கள் வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
மக்கள் பொருளைக் கெடுத்தால் சொல்லையே விரட்டுவதா? 'வெளிப்பாடு' என்பது பத்திரிகைச் சொல். எதற்கும் ஒட்டும், எதிலும் நிற்காது.

காவேரிப்பட்டினத்திலிருந்து:
மணம் மட்டும்தானா? நாக்கறியும் சுவை எங்கே போயிற்று? 'சுவைமண வெளிப்பாடு' என்க.

தருமபுரியிலிருந்து:
மூவர் 'வெளிப்பாடு' பக்கம், நானும் களைத்துவிட்டேன். சுவைக்கு இடமில்லை, பாடத்தாளின் கட்டத்தில் அடங்காது. 'மணவெளிப்பாடு' அச்சுக்குப் போகிறது. புரதம் பிடித்துவைத்த மணத்துக்கு மட்டும் ஐயாவின் மொட்டைக் கடன் வாங்கி 'மொக்குள் மணம்' என்று போட்டிருக்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
மொட்டை எடுத்துக்கொண்டு அவிழ்வை விட்டுவிட்டீர்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.