புதுப்பிப்பு: பிளாஸ்மா கொடுத்த ஃபிலிமில் மை உரிந்தது சரியாகிவிட்டது

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் பட்டறையில் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு பிளாஸ்மா கொடுத்து (மை ஒட்டுவதற்காக மின்னூட்டிய வாயுவை மேல்பரப்பில் படவிட்டு) அச்சடித்தும், டேப் ஒட்டி இழுத்தால் மை அப்படியே டேப்போடு வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "பிளாஸ்மா நேரத்தைக் கூட்டாதீங்க, குறைங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான். 60 விநாடியை 10 ஆக்கி அன்றைக்கே அச்சடித்தேன், மை அசையவில்லை.

எதிர்பார்க்காதது டைன் பேனா விஷயம். மேல்பரப்பில் மை எவ்வளவு நன்றாகப் பரவும் என்று பார்க்கும் பேனா அது, எண் கூடினால் நல்லது என்று அர்த்தம். மை உரிந்த 60 விநாடி ஃபிலிமிலும் அது 44 காட்டியது! அளவுக்கு மீறிக் கொடுத்தால் மேல்பரப்பில் பாலிமர் சங்கிலிகள் அறுந்து வலுவில்லாத படலம் உண்டாகிறது, மை அதைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்தே உரிகிறது, பேனாவுக்கு அது தெரியாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு அளந்தபோது அதே ஃபிலிம் 36க்கு இறங்கியது.

அப்புறம், பிளாஸ்மா கொடுத்து ஒரு வாரம் கிடந்த ரோலிலும் டைன் அளவு குறைகிறது, முன்கூட்டியே கொடுத்து அடுக்கி வைக்காதீர்கள்.