ஐயாவுக்கு மாத்திரையா, கவுனியா?

லெட்சுமணன்: வள்ளி, அப்பச்சியின், அதாவது உன் ஐயாவின், இதயத்துக்கு நல்லது என்று நண்பர் ஒருவர் கோகோ ஃபிளவனால் என்ற, கோகோ விதையிலுள்ள சத்தின் மாத்திரையைச் சொல்லியிருக்கிறார். தாவரச் சத்துதானே, பக்கவிளைவு இருக்காது என்கிறார். இன்றே வாங்கிவிடவா?

வள்ளி: அம்மான், சற்றுப் பொறுங்கள். அமெரிக்காவில் 60 வயது கடந்த ஆண்களும் 65 கடந்த பெண்களுமாக 21,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற காஸ்மாஸ் ஆய்வில், ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் தந்து பார்த்தார்கள். 2022-இல் வெளிவந்த முடிவின்படி, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை மொத்தத்தில் 10 விழுக்காடு குறைந்திருந்தாலும், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. இதய நோயால் நேர்ந்த இறப்பு 27 விழுக்காடு குறைந்தது உண்மைதான். ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வி அதுவன்று. இதை நம்பி மாதாமாதம் பணம் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

லெட்சுமணன்: சாக்லேட் வாங்கிக் கொடுத்தால்?

வள்ளி: கோகோவைக் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தும்போது ஃபிளவனாலில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது சீனியும் கொழுப்பும்தான்.

மெய்யம்மை: நம் கவுனி அரிசியின் கருநிறமும் இதே இனத்துச் சத்து என்றாயே, வள்ளி?

வள்ளி: ஆமாம் ஆத்தா, அது ஆந்தோசயனின், அரிசியின் தவிட்டில் இருப்பது. இரவு ஊறவைத்த தண்ணீர் காலையில் நாவற்பழச் சாறுபோல் நிற்பது அதனால்தான். நீங்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைப்பது மெத்தச் சரி. ஆனால் வெந்தபின் சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யுமாகக் கிளறுகிறீர்களே, அங்கேதான் கணக்கு தவறுகிறது.

மெய்யம்மை: நேற்று உன் ஐயா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, அவரே பெருமையாகச் சொன்னார்.

லெட்சுமணன்: அந்த மாத்திரைப் புட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறேன். பின்பக்கத்தில் பூண்டுச் சாரம், மஞ்சள் சாரம் என்றும் பொடி எழுத்தில் இருக்கிறது.

வள்ளி: அப்படியானால் வேண்டவே வேண்டாம் அம்மான். ஐயா இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். செறிவூட்டிய இந்தச் சாரங்கள் அதனுடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடக்கூடும். எதைப் புதிதாகத் தொடங்குவதானாலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கீரைகூட அப்படித்தான்: முருங்கைக்கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், ஒரு வாரம் நாள்தோறும், மறுவாரம் அறவே இல்லை என்று மாறாமல், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் கொடுத்து வாருங்கள், ஆத்தா.

மெய்யம்மை: கீரை சரி. கவுனியில் சீனிக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று கேட்கச் சொல்கிறார்.

வள்ளி: வெல்லமும் சர்க்கரைதான் என்று சொல்லுங்கள். கஞ்சியாகக் காய்ச்சி மோர் விட்டுத் தரலாம்.

மெய்யம்மை: சொன்னேன். எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.