பனி உருகினதும் லான்ல வட்ட வட்டமா வெளுத்திருக்கு, புல் செத்துப்போச்சா?

பச்சைக்கரை:
வணக்கம். இந்த வாரம்தான் பனி முழுசா உருகுச்சு. வெளிய போய்ப் பாத்தா பின்பக்க லான்ல ஏழெட்டு இடத்துல தட்டு சைஸ்ல புல்லு வெளுத்து, ஈரத் தலைமுடி மாதிரி தரையோட ஒட்டிக் கெடக்கு, மேல சாம்பல் கலர்ல சிலந்தி வலை மாதிரி ஏதோ படிஞ்சிருக்கு. நாங்களே மண்ணைக் கொத்தி விதை போட்டு வளத்தது, பாத்ததும் மனசே விட்டுப்போச்சு. பனி சீக்கிரமே வந்துட்டதால கடைசி தடவை புல் வெட்டற மோவர் ஓட்டல, மரத்து இலையும் வாரல. அதனாலயா? எல்லாத்தையும் பிடுங்கிட்டு மறுபடி விதைக்கணுமா, மருந்து அடிக்கணுமா?

வேரடி:
பிடுங்கிடாதீங்க! இது ஸ்னோ மோல்டுங்கற பூஞ்சை. தரை உறையறதுக்கு முன்னாடியே கனமா பனி விழுந்து ரெண்டு மூணு மாசம் மூடிக் கெடந்தா அடியில இது வளரும், நீளமான புல்லும் ஈர இலையும் இருந்தா அதுக்குக் கொண்டாட்டம்தான். சாம்பல் கலர் வகைன்னா காஞ்ச இலையில குண்டூசித் தலை சைஸ்ல பழுப்பு உருண்டைங்க ஒட்டியிருக்கும், குனிஞ்சு பாருங்க. இது பெரும்பாலும் இலையோட நின்னுடும், அடிக்குருத்து பிழைச்சிரும். ஓரம் ரோஸ் கலரா இருந்தாதான் கவலை, அது குருத்து வரைக்கும் போகும். இப்ப மருந்து அடிச்சு பிரயோஜனம் இல்ல, வெயிலும் காத்தும் பட்டா தானா அடங்கிடும். ஒரு பிடி மண்ணை அமுக்கிப் பாருங்க, தண்ணி கசிஞ்சா லான்ல கால் வைக்கவே வேணாம், மண்ணு இறுகிட்டா பூஞ்சையை விட அதுதான் பெரிய தலைவலி. காஞ்சதும் ரேக்கால, அதான் இலை வாரற பல்லு வச்ச கோலால, பூ மாதிரி லேசா வாரி ஒட்டினதைப் பிரிச்சு விடுங்க.

காலைப்பனி:
வேரடி அக்கா சொன்னது சரி. விதை விஷயம் மட்டும் நான் சொல்றேன். அவசரப்பட்டு இப்பவே தூவினா குளிர்ல முளைக்காம கெடந்து அழுகும், மண்ணு 10 டிகிரியாவது தொடணும். அப்பக்கூட லான் புல்லுல ரைகிராஸ்ங்கற வகை ஒரு வாரத்துல எட்டிப்பாக்கும், கென்டக்கி புளூகிராஸ்ங்கற வகைக்கு மூணு வாரம் கூட ஆகும். ஆனா புளூகிராஸ் மண்ணுக்கடியில தண்டு ஓட்டி தானே பரவும், அதனால சின்ன வட்டத்துக்கு விதையே தேவைப்படாது. பெரிய இடம்னா ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதிதான் பெஸ்ட், மண்ணுல சூடும் இருக்கும், களையும் குறையும். இன்னொண்ணு, களை முளைக்காம இருக்க வசந்தத்துல போடற மருந்தைப் போட்டுட்டு அதே இடத்துல விதை தூவிடாதீங்க, பெரும்பாலும் அது புல் விதையையும் முளைக்க விடாது.

பச்சைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி காலைப்பனி. குனிஞ்சு பாத்தேன், பழுப்பு உருண்டை இருக்கு, ரோஸ் எங்கயும் இல்ல. வெளுத்த இலையை விலக்கினா அடியில வெள்ளையா, கெட்டியா குருத்து தெரியுது, ஒண்ணுல ஊசி முனை அளவு பச்சை கூட வந்திருக்கு! மண்ணை அமுக்கினேன், இன்னும் தண்ணி கசியுது, அதனால ரேக்கை எடுக்காம ஓரமா வச்சிட்டேன். அக்டோபர்ல நைட்ரஜன் உரம் நிறைய போட்டேன், அதுவும் காரணமா?

வேரடி:
ஆமா, நிச்சயமா. புல்லு தூங்கப்போற நேரத்துல அதிகமா நைட்ரஜன் குடுத்தா பிஞ்சு இலையா விடும், பூஞ்சைக்கு அதுதான் பிடிக்கும். இந்த வருஷம் கடைசி வெட்டை 5, 6 சென்டிமீட்டருக்கு இறக்கி, இலையை வாரிட்டு விடுங்க. கோடையில மட்டும் 7, 8க்குக் கீழ வெட்டாதீங்க. மண்ணு காஞ்சதும் ஒரு போட்டோ போடுங்க.